பித்து என்று இனிமேல் எழுதாதீர்கள்

இணையத்தில் கவிதை எழுதும் நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. எந்தக் கவிதையைத் திறந்தாலும் 'பித்து'. பித்து என்றால் ஞானமாம், விடுதலையாம். சரி, திருச்சுழிப் பக்கம் ஒரு வாரம் வந்து இருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். முதலில் தூக்கம் போனது, பிறகு குளிப்பது நின்றது. பக்கத்து வீட்டு டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். காத்துக் கருப்பு பட்டிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க, கயிறு கட்டுனாங்க. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாப் போயிரும்"னு பொண்ணும் பாத்தாங்க. ரமணர் பிறந்த ஊர் இல்லையா, 1896இல் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவர். அதனால் "சாமியாராகப் போறான்போல" என்றும் ஒரு பெரியவர் சொன்னார். அவன் கைக்கு முதல் மாத்திரை வரப் பதினாலு மாதம் ஆனது.

இந்தப் பதினாலு மாதம்தான் விஷயமே. சைக்கோசிஸ் (சினிமா கெடுத்து வைத்த 'சைக்கோ' இல்லை) தொடங்கியபின் சிகிச்சையில்லாமல் கழிகிற காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இது.

வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாமே என்பீர்கள். மெல்பர்னில் பேட்ரிக் மக்கோரி குழுவினர் 1990களிலேயே அதில் இறங்கினார்கள். ஆனால் 'ஆபத்தில் இருப்பவர்' என்று குறிக்கப்படும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் நோய் வருவதில்லை. அந்த முத்திரையோடு எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா? கணிக்கிற ஆப் எல்லாம் அப்புறம். வந்த நோயை வந்த மாதமே பாருங்கள்.

பார்த்தால் பலன் உண்டு. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதல் தடவை நோய் கண்டவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து இரண்டு வருஷம் கவனித்தது. பேச்சு வற்றுவது, எதிலும் நாட்டம் அற்றுப்போவது போன்றவற்றில் சென்னைக்காரர்கள் மான்ட்ரியல்காரர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குடும்பம் கூடவே நின்றது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேப்பிலை அடித்த அதே அம்மாதான்! அவரை மூடநம்பிக்கை என்று கேலி செய்து சிறுகதை எழுதுகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவருக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகிய 28 பேரையும் கொண்டுவந்து விட்டது பேய் இல்லை, இந்த மூடிய கதவுதான். சங்கிலி கூடாது என்று 2017இல் சட்டம் வந்துவிட்டது. மாத்திரை வந்ததா?

புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே திரையில் சென்னை டாக்டர், பக்கத்திலேயே மருந்து. செய்ய முடியாத காரியம் இல்லை. இங்கே அந்தப் பையனின் அம்மா மாதம் ஒரு நாள் கரிமூட்டக் கூலியை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறார். போன மாதம் அடைமழை, போகவில்லை. நாலு நாளாக அவன் மறுபடி தூங்கவில்லை.