மேலே எத்தனை மில்லிமீட்டர்?

மே மாதம் பாதி கடந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி விழுதா?" மதுரையில் கடை வைத்திருப்பவரும் கேட்பார், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவரும் கேட்பார். தென்காசிக்காரன் எங்கே அகப்பட்டாலும் விடமாட்டார்கள். இப்போது அதற்குப் பதில் சொல்ல ஒரு படையே இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று எப்படி நுழைகிறது என்று பார்த்து, "இன்னும் மூன்று நாளில் சாரலை எதிர்பார்க்கலாம்" என்று எழுதும் வானிலை ஆர்வலர்களின் படை.

இந்த ஆவல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் டிசம்பர் 25 அன்று பனி விழுமா என்று பந்தயமே கட்டுகிறார்கள். அதற்கு அந்நாட்டு வானிலைத் துறை ஒரு வரையறையும் வைத்திருக்கிறது: அன்றைய 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு பனித்துகள் விழக் கண்டாலும் போதும், அது வெள்ளைக் கிறிஸ்துமஸ்தான். நம் ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைகுந்தாவில் ஒரு விடியலில் புல்வெளி வெளுத்துவிட்டால் "ஊட்டியில் பனிப்பொழிவு" என்று காணொளி கிளம்பிவிடும். அது வானத்திலிருந்து பொழிந்ததல்ல. தரையை ஒட்டிய ஈரம் புல்லின் மேலேயே உறைந்தது. உறைபனி என்று அதற்குத் தனிச் சொல்லே நம்மிடம் இருக்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? காத்திருப்பவனுக்கு அது பொழிந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சாரலுக்கு நாம் காத்திருப்பதும் இந்த ரகம்தான். காத்திருப்பதில் தப்பில்லை. காத்திருப்பதையே வானிலை அறிவு என்று நினைத்துக்கொள்வதில்தான் தப்பு.

ஆர்வலர்களை "பட்டம் இல்லாதவர்கள், பீதி கிளப்புகிறவர்கள்" என்று ஏளனம் செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சமூகம் இது. 2015 சென்னை வெள்ளத்தை ஒட்டி பிரதீப் ஜான் போன்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் பலருக்கும் தாழ்வுப் பகுதிக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. அவர்கள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது, பழைய மழையளவுகளைத் தேடிச் சேர்த்து, இந்த மழையை அந்த மழையோடு ஒப்பிட்டுக் காட்டியதுதான். ஆனால் அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. கைதட்டு கணிப்புக்குத்தான் கிடைக்கிறது. எதற்குக் கைதட்டு கிடைக்கிறதோ அதுதான் பெருகும். அளப்பவர்கள் கொஞ்சம், கணிப்பவர்கள் ஏராளம் என்ற நிலைக்கு வந்து நிற்கிறோம். அரசும் தன் பங்குக்குச் சாரல் விழா நடத்துகிறது.

இதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம். 2024 மே 17, வெள்ளிக்கிழமை. பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது மே 30ஆம் தேதி. சீசன் பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே வந்த தண்ணீர் அது. "சீசன் எப்போ" என்று கணித்துக்கொண்டிருந்த எவருடைய கணிப்பும் அந்தப் பையனுக்கு உதவியிருக்காது. அருவிக்கு அடியில் நிற்பவனுக்கு அடுத்த வாரக் கணிப்பு எதற்கு? மேலே இந்த நிமிடம் என்ன பெய்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவனுக்கு வேண்டும்.

"எச்சரிக்கை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்பீர்கள். கொடுக்கிறார்கள், மாவட்டத்துக்கு ஒரு நிறமாக. தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் கரிசலும் இருக்கிறது, செங்கோட்டை மலையடிவாரமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நிறம். தவிர, 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. அதற்கு மேலே வேறு படி கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. 21ம் அதிகனமழை, 95ம் அதிகனமழை! பிறகு சென்னையும் டெல்லியும் "நீ சொல்லவில்லை", "நான் சொன்னேன்" என்று மாறி மாறிப் பேசியதுதான் மிச்சம்.

தினமும் காலையில் வரும் மழையளவுப் பட்டியலைப் பாருங்கள். தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி, சங்கரன்கோவில், சிவகிரி. அணைகள் என்று பார்த்தால் கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார். எல்லாம் சமவெளி, இல்லாவிட்டால் அடிவாரம். அதுவும் காலை எட்டரை மணிக்கு முடியும் 24 மணி நேரக் கணக்கு. பிற்பகலில் திரிகூடமலையின் தலையில் மட்டும் ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டுப் போன மழை, மறுநாள் காலையில்கூட இந்தப் பட்டியலில் தெரியாமல் போகலாம்.

இதில் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். உதாரணத்துக்கு 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 50 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொள்வோம். 50 கோடி லிட்டர். கொஞ்சம் மண்ணில் ஊறும், மிச்சம் செங்குத்தான பாறை வழியே இறங்கும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்.

மலைமேல் போய் அளப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1837ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு, பின்னாளில் இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1855ல் அவர் அகத்தியமலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, ஓர் ஆய்வகம் அமைத்தார். மலைமேலும் கீழே ஊரிலும் ஒரே சமயத்தில் அளவெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அவ்வளவு பாடு. நம்முடைய இதே பொதிகைத் தொடர்தான். ரோடும் இல்லை, செல்போனும் இல்லை. 170 வருடம் கழித்து, எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்கிறோம், "முடியுமா?"

ஆர்வலர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1997 ஜூலை 28 அன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் திடீர் வெள்ளம் வந்து 5 பேர் இறந்தார்கள். நகரத்தின் மேற்குப் பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் பேய்மழை, இன்னொரு பக்கம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இருந்த சில மழைமானிகளை வைத்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு வலைப்பின்னல் தொடங்கினார். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மழைமானி, பத்து சென்டிமீட்டர் வாய். தினம் காலையில் அளந்து அனுப்ப வேண்டும். பனி விழுந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லை. குழாயில் விழுந்த பனியை உருக்கி, எவ்வளவு தண்ணீர் என்று அளக்கிறார்கள். மழையே இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று பதிவு செய்கிறார்கள், ஏனென்றால் பூஜ்யமும் ஓர் அளவுதான். இன்று அந்த நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்கிறார்கள். வானிலைத் துறையும் அந்த அளவுகளைப் பயன்படுத்துகிறது.

"நம்மாள் ஒழுங்காக அளப்பானா?" என்ற கேள்வி வரும். 1860ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் சைமன்ஸ் இதே வேலையைத் தொடங்கியபோது 168 இடங்களில்தான் அளவு கிடைத்தது. 1900ல் அவர் இறக்கும்போது 3,000 இடங்களைத் தாண்டியிருந்தது. ஒழுங்கு முதல் நாளே வந்துவிடாது. விதியைச் சொல்லி, தவறிய அளவைத் திருத்தி, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் வரும்.

"ஆபத்து என்றால் தடை போட்டுவிடுகிறார்களே, போதாதா?" போதாது. அளவு இல்லாத இடத்தில் பயம்தான் முடிவெடுக்கும். "குளிக்கத் தடை" என்ற செய்தி ஒரு நாள் வந்தால், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ரம்புட்டான் விற்கிறவர், ஆட்டோக்காரர், லாட்ஜில் அறை பெருக்குகிற அம்மா எல்லோருக்கும் அன்றைய பொழுது போச்சு. அவர்களுக்கு மூன்றே மாதம்தான் வருமானம். தேவையான தடை எது, தேவையில்லாத தடை எது என்று அளவு ஒன்றுதான் பிரித்துச் சொல்லும்.

ஆகவே கேட்பது இரண்டுதான். தானியங்கி மழைமானிகள் வைக்கிறோம் என்று அரசு சொல்கிறது. நல்லது. அவற்றில் நாலைந்தாவது அருவிகளுக்குத் தண்ணீர் தரும் மலைச்சரிவுகளிலேயே நிற்க வேண்டும். காடு வனத்துறையுடையது, ஆர்வலன் அங்கே ஏற முடியாது. எனவே இது அரசு செய்ய வேண்டிய வேலை. அந்த அளவு அலுவலகக் கோப்புக்கோ ஒரு செயலிக்கோ மட்டும் போனால் போதாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒவ்வோர் அருவிக்கரையிலும், துணி மாற்றும் இடத்திலேயே, எல்லோரும் படிக்கும்படி பலகையில் ஓட வேண்டும். ஓர் எல்லையைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும்.

இரண்டாவது ஆர்வலர்களுக்கு. புளியரை, மேக்கரை, பண்பொழி, இலஞ்சி, காசிமேஜர்புரம், ஆயிரப்பேரி, மத்தளம்பாறை: ஊருக்கு ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் அளந்து, தேதி போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். பத்து வருடம் போனால், எந்தக் காற்றுக்கு எங்கே எவ்வளவு பெய்யும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கணினி மாதிரிக்கும் தெரியாது. அப்போது கணியுங்கள், தாராளமாக. அதுவரை மேலே எத்தனை மில்லிமீட்டர் என்று அரசைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.