கூரைகளோடு பேசும் மின்கட்டமைப்பு: இலங்கையின் வலுசக்தி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் மின்மாற்றியைத் தொட்ட குரங்கைப் பற்றியே எங்கும் பேச்சாயிருந்தது. ஆயினும் ஓரிடத்துக் கோளாறு தீவையே முடக்கும் அளவுக்குக் கட்டமைப்பு ஏன் நலிந்திருந்தது என்பதே ஆராயத்தக்கது. விடுமுறை நாளாதலால் மின்தேவை குறைந்திருக்க, கூரைகளிலிருந்த சூரியப் படலங்கள் முழு வீச்சில் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தன. அனல், நீர்மின் நிலையங்களின் கனத்த சுழலிகள், திடீர் அதிர்ச்சி நேர்ந்தாலும் தம் வேகத்தைச் சட்டென இழப்பதில்லை. சடத்துவம் எனப்படும் அப்பண்பே, மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறும் மீடிறன் சரிந்துவிடாமல் சில கணங்கள் தாங்கிப்பிடிக்கிறது. சூரியப் படலங்களுக்கு அப்பண்பு இல்லை. அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் அலகுகளும் நின்றுபோக, அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டைத் தவிர்க்க இயலவில்லை.

அவ்வாண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் மின்தேவை குறையுமென்பதால், பிற்பகல் 3 மணி வரை படலங்களைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களை வேண்டிக்கொண்டது. மக்களின் நல்லெண்ணத்தை நம்பிய அவ்வேண்டுகோள் மதிக்கத்தக்கதே. ஆனால் எந்தக் கூரை நின்றது, எது நிற்கவில்லை என்பதைக் கட்டுப்பாட்டு நிலையம் அக்கணமே அறிய இயலாத நிலையில் அது மின்முகாமைத்துவம் ஆகாது.

திறன் மின்கட்டமைப்பு (smart grid) நிரப்ப வேண்டியது இந்த இடைவெளியையே. படலத்தின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்ப மாற்றும் இன்வேட்டர், தன் உற்பத்தியைத் தெரிவிக்கவும் தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கேற்ப அதைப் படிப்படியாகக் குறைக்கவும் வல்லதாயின், எல்லாரையும் ஒருசேர நிறுத்தத் தேவையிராது. நண்பகல் உற்பத்தியை முன்கூட்டியே கணிக்க முடிந்தால், நீர்ப்பாசனத் தேவை இடந்தரும் அளவுக்குக் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் நீரைப் பகலில் சேமித்து, தேவை உச்சம் தொடும் இரவில் சுழலிகளுக்குத் திறந்துவிடலாம். மின்கலச் சேமிப்பும் இதே பணியை விரைவாகச் செய்யும்.

ஆகவே, வீட்டுக்கு வீடு திறன்மானி பொருத்துவதற்கு முன் கூரை இன்வேட்டர்களையும் உப நிலையங்களையும் இணைப்பதற்கே முதலிடம் தரவேண்டும். பட்டியல் அறவீட்டை மட்டும் எளிதாக்கும் மானியால் மீடிறன் சரிவதைத் தடுக்க முடியாது. தொலைவிலிருந்து நிறுத்தும் அதிகாரம் தீயோர் கையில் சிக்கினால் விளையும் கேடு பெரிதென்பதால், இணையப் பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைப்பதும் தகாது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறும் இலக்கு, வங்கிக் கடன் பெற்றுப் படலம் பொருத்திய குடும்பங்களையும் நம்பியிருக்கிறது. அவர்களின் உற்பத்தி எவ்வரிசையில் குறைக்கப்படும், இழக்கும் ஒவ்வோர் அலகுக்கும் என்ன ஈடு கிடைக்கும் என்பவற்றை, அக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வருமுன்னரே வர்த்தமானியில் அறிவிக்குமாறு தங்களிடம் கோரப்படுகிறது.