வேலை பார்த்துக்கொண்டே படிப்போரின் இணைய வகுப்புச் சிக்கல்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வி பயில்வோர் சங்கத்தினர், சேலம், நாமக்கல் மாவட்டங்கள்.

பெறுநர்: செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர், நாமக்கல்.

பொருள்: இணைய வகுப்புகளை உழைப்போரின் நேரத்துக்கு ஏற்ப மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் சேலம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் வேலை பார்த்தபடி பட்டம் படிக்கிறோம். பெரும்பாலோர் முப்பதைக் கடந்தவர்கள். 2020 மார்ச் ஊரடங்குக்கு முன் ஞாயிறு தொடர்பு வகுப்புக்குப் பஸ் ஏறிப் போனோம். ஊரடங்கில் கைப்பேசிக்கு வந்த வகுப்பு, பெருமளவு அங்கேயே தங்கிவிட்டது.

இணைய வகுப்பு வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவருக்குப் படிப்பைத் தொடர வேறு வழியே இல்லை. குறையெல்லாம் நேரத்தில்தான். மாலை 7 மணிக்கு நேரலை. கேமரா முன் உட்கார்ந்தால்தான் வருகைப்பதிவு. அப்போது இரவு ஷிப்டுக்காரர் தறியில் நிற்கிறார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. பெண்களுக்கோ அது அடுப்படி நேரம். வீட்டிலுள்ள ஒரே ஆண்ட்ராய்டு போனும் பிள்ளையின் கையில். ஓடிபி கணவரின் எண்ணுக்குப் போகும். அவர் லாரியோடு நாக்பூரைத் தாண்டியிருப்பார். அசைன்மென்ட்டை ஸ்கேன் செய்து ஏற்ற ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தரும் காசு எந்தக் கல்விக் கட்டணக் கணக்கிலும் வராது.

இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொடுகிறவர், எல்லோரும் பார்க்கும் திரையில் சந்தேகம் கேட்கக் கூசுகிறார். முன்பு இடைவேளையில் ஆசிரியரிடம் தனியே கேட்டுக்கொள்வார். இப்போது கேட்காமலே தேர்வுக்குப் போகிறார்.

இணையவழிப் பட்டப்படிப்புக்குக் காணொலிப் பாடம், மின்பாடம், விவாதத்துக்கான இடம், மதிப்பீடு ஆகிய நான்கும் தேவை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை. தொலைநிலை மாணவருக்கும் அதே அளவுகோல் வேண்டும். எனவே நேரலை வகுப்புகள் அனைத்தும் பதிவாகக் கிடைக்கவும், பதிவைப் பார்த்தாலும் வருகை கணக்கிடப்படவும், மாதம் ஒரு ஞாயிறு நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் அரசு கலைக் கல்லூரிகளில் நேர்முக வகுப்பு நடக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

வீட்டில் போனும் ஸ்கேனரும் இல்லாதோருக்கு ஊர் நூலகம் கைகொடுக்கலாம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். கிளை நூலகங்களை இரவு 10 மணி வரை திறந்து, கணினி, ஸ்கேனர், வைஃபை, சொல்லித்தர ஓர் ஆள் என ஏற்பாடு செய்தால் போதும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. இதற்கு ஆட்சித் தலைவர் நூலகத் துறையுடன் பேச வேண்டுகிறோம்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்கும் முன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயற்குழுவினர்