வாங்கினால் மட்டும் போதுமா?

கணினி வழிக் கொள்முதல் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்துவிட்டது. 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் அரசு மின்னணுச் சந்தையில் மத்தியப் பல்கலைக்கழகங்கள் நாற்காலி முதல் நுண்ணோக்கி வரை வாங்குகின்றன. விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நல்லதே.

ஆனால் வழங்கல் சங்கிலி பொருள் வந்து இறங்கியதும் முடிந்துவிடுவதில்லை என்பது என் கருத்து. வந்தது எந்த அலமாரியில் உள்ளது, எவ்வளவு மீதம், எப்போது காலாவதியாகும் என்று சொல்ல வேண்டியது இருப்புப் பதிவேடு. பல கல்லூரிகளில் அது இன்னும் கையால் எழுதும் பெரிய நோட்டுதான். மார்ச் 31-க்குள் செலவிடாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடுமே என்ற அவசரத்தில், இருப்பதையே மீண்டும் வாங்க நேர்கிறது. இல்லாத பொருளோ செய்முறைத் தேர்வன்றுதான் தெரிகிறது! அன்று தவிப்பவர் மாணவரே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நூலகங்கள் வழிகாட்டியுள்ளன. 2000-இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' என்னும் இலவச மென்பொருள், எந்த நூல் யாரிடம் உள்ளது என்பதை நொடியில் காட்டுகிறது. நூலுக்கு முடிந்தது குடுவைக்கு முடியாதா?

முதலில் ஒரு துறையின் இருப்பையேனும் கணினியில் ஏற்றுவோம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டட்டும். மாணவராகிய நாம் எண்ணிக் கொடுப்போம். வாங்குவதில் மட்டுமன்று, காப்பதிலும் கணினி துணை நிற்கட்டும்!