சிபார்சுக்கு ஒரு புதுக் கருவி

வேலை தேடி அலையும் நம் வாலிபர்களுக்கு இப்பொழுது ஒரு புதுக் கருவி கிடைத்திருக்கிறது. கம்பியூட்டரிலும் கைப்போனிலும் உலக விஷயங்களைத் திறந்து பார்ப்பதற்குப் பிரவுசர் என்று ஒன்று இருப்பது வாசகர்கள் அறிந்ததேயாகும். அந்தப் பிரவுசரோடு எக்ஸ்டென்ஷன் என்று சொல்லப்படும் சிறு கருவிகளை ஒட்ட வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் வேலை விளம்பரத்தைத் திறந்தவுடனே, அந்தக் கம்பெனியில் நமக்குத் தெரிந்தவர் யார், நாம் படித்த கல்லூரியில் படித்தவர் யார், நம்மோடு முன்பு வேலை பார்த்தவர் யார் என்று பெயர்களை எடுத்துக் காட்டுவதே அவற்றுள் சிலவற்றின் வேலை. எதற்காக என்றால், அந்த ஆளைப் பிடித்து ரெபரல் வாங்குவதற்காக. ரெபரல் என்பது வேறொன்றுமல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் எதற்குச் சிபார்சு என்று பெயரோ, அதற்கே இன்று கோட்டும் சூட்டும் மாட்டி ரெபரல் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

சிபார்சை ஒழிக்க வேண்டும் என்று சொல்லி வந்தவர்கள் சிபார்சு தேடும் வழியைப் பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆதலால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம்.

சென்னை மாகாணத்தில் ஒரு காலத்தில் சர்க்கார் ஆபீசில் ஓர் இடம் காலியானால், காலி என்ற செய்தியே அந்த ஆபீசுச் சுவரைத் தாண்டி வெளியே வராது. உள்ளே இருக்கிற தலைமைக் குமாஸ்தாவின் மருமகனுக்கும் சகலன் மகனுக்கும் மட்டுமே அது எட்டும். அவர்கள் மனுப் போடுவார்கள், அவர்களுக்கே கிடைக்கும். பிறகு, மற்ற ஜாதியாருக்குத் தகுதியில்லை, அதனால்தான் அவர்கள் வரவில்லை என்று பேசுவார்கள். இந்த அக்கிரமத்தை உடைக்கவே ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை 1921ல் வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. அது ஏட்டளவில் கிடந்ததை 1928ல் மந்திரி எஸ். முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1929ல் மதராஸ் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டு, ஆள் எடுக்கும் அதிகாரம் ஆபீசுத் தலைவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. ஒன்று கதவைத் திறந்தது. மற்றொன்று உள்ளே நாற்காலி போட்டது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பலன் ஏற்பட்டிருக்காது. 1951ல் சுப்ரீம் கோர்ட்டு வகுப்புவாரி உத்தரவைச் செல்லாது என்று சொன்னபோது, அந்த வருஷமே அரசியல் சட்டத்தை முதல் முறையாகத் திருத்த வேண்டி வந்ததும் யாவரும் அறிந்ததே.

நிற்க. இவ்வளவும் சர்க்கார் உத்தியோகத்திற்குத்தான். தனிப்பட்ட முதலாளியின் கம்பெனிக்குள் கமிஷனும் கிடையாது, வகுப்புரிமையும் கிடையாது. இன்று படித்த வாலிபர்களில் பெரும்பாலோர் போய் நிற்பதோ அந்தக் கம்பெனி வாசலில்தான். அங்கே நிலைமை எப்படி என்பதற்கு நாம் ஆத்திரப்பட்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2007ல் தோரட், அட்டவெல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்திரிகையில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் சமம்; பெயர் மட்டும் வேறு. மேல்ஜாதிப் பெயருக்குப் பதில் வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். 2012ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, நாட்டின் 1,000 பெரிய கம்பெனிகளின் 9,052 டைரக்டர்களை எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்கு 93 பேர் மேல்ஜாதியார் என்று கண்டது. இந்தக் கட்டடத்திற்குள் இருப்பவன் தனக்குத் தெரிந்தவனைக் கூப்பிட்டால் யார் வருவான் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

கூப்பிடச் சொல்லி முதலாளியே கூலியும் கொடுக்கிறான். தன் சிபாரிசில் வந்த ஆள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் சிபாரிசு செய்த சிப்பந்திக்கு இனாம் உண்டு. முதலாளிக்கு விளம்பரச் செலவும் தரகுக் கூலியும் மிச்சம். ஆளுக்கு ஜாமீனும் கிடைக்கிறது. சிபார்சு இல்லாத மனுவோ ஆயிரத்தில் ஒன்றாகக் குவிந்து, பல இடங்களில் ஒரு மனிதன் கண்ணில் படுமுன்பே இயந்திரத்தால் சலிக்கப்பட்டுப் போகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமென்பது கோவிலுக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல போலும்!

சிபார்சினால் பிழைப்பவனையும் அது கட்டிப் போடுகிறது என்பதை நம் மக்கள் கவனிப்பதில்லை. பம்பாயில் தாதர் பகுதியில் முன்ஷி, ரோசன்ஸ்வைக் என்ற இரு பொருளாதார நிபுணர் செய்த ஆராய்ச்சி 2006ல் வெளிவந்தது. அங்கே தொழிலாளி ஜாதிகளில் மில் முதலிய வேலைகள் வெகுகாலமாக ஜாதிக்காரன் சிபாரிசில் கிடைத்து வந்தன. ஆகவே பையன் எப்படியும் மாமன் வேலைக்குப் போகிறவன்தானே என்று அவனை மராத்திப் பள்ளிக்கூடத்திலேயே விட்டு வைத்தார்கள். பெண்ணுக்குச் சிபார்சு செய்ய யாருமில்லாததால் அவளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார்கள். புதுத் தொழில்கள் வந்த காலத்தில் பெண் முன்னே போனாள்; பையன் பழைய தொழிலோடு நின்றான். ஜாதியின் தயவில் சோறு தின்றவன் ஜாதி போட்ட எல்லைக்குள்ளேயே தின்ன வேண்டியிருந்தது. சிபார்சு இல்லாமையே அந்தப் பெண்ணுக்கு நன்மையாய் முடிந்தது என்பது வேடிக்கையல்லவா?

இனி நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019 நவம்பரில் தனி ஜில்லாவான இந்தப் பிரதேசத்தில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் உண்டு. சர்க்கரை ஆலையும் அரிசி ஆலையும் உண்டு. ஆனால் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் பட்டம் வாங்கிய பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. அவன் வீட்டில் அவனே முதல் பட்டதாரியாக இருப்பான். சித்தப்பன் கரும்பு வெட்டுகிறவராய் இருந்தால் எந்தக் கம்பெனிக்கு அவர் சிபார்சுக் கடிதம் எழுதுவார்?

மலைக்கு மேலே போனாலோ இதைவிட மோசம். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி ஒழிந்ததே 1976ல்தான். நாடு சுதந்தரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் வரையில் அந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஜாகீர்தாரே சர்க்காராக இருந்தார்! அங்கேயும் வேலைக்குச் சிபார்சு வராமலில்லை. வருகிறது, தரகன் ரூபத்தில் வருகிறது. முன்பணத்தைக் கையில் திணித்து, வெளிமாநிலத்தில் மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி என்று வண்டி ஏற்றுகிறான். அது செம்மரம் என்பதும், காவலுக்குத் துப்பாக்கி உண்டு என்பதும் காட்டுக்குள் போன பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது. 2015 ஏப்ரல் 7ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் போலீசார் சுட்டு 20 தமிழ்க் கூலிகள் மாண்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களின் ஏழைகள் அவர்கள், பலர் மலைவாசிகள். அனுப்பிய தரகனும், மரத்தை வாங்கித் தின்ற முதலாளியும் அந்தப் பிணங்களோடு கிடக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய பின்புதான், கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியைச் சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே மலைப் பையனுக்குச் சிபார்சு என்றாலே என்னவென்று தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்தச் சிபார்சு உயிரைக் குடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். எது சம்பளம் வாங்கிக் கொடுக்கும் என்பதுதான் அவனுக்கு எட்டவில்லை.

இந்த நிலைமையில் பிரவுசர் கருவி வந்ததை நாம் வரவேற்கவே செய்கிறோம். காரணம் என்னவென்றால், இதுவரை உறவுக்காரனுக்கு மட்டும் தெரிந்த கதவு எங்கே இருக்கிறது என்பதை அது உறவில்லாதவனுக்கும் காட்டுகிறது. அமெரிக்காவில் கிரானவெட்டர் என்பவர் பாஸ்டனுக்கு அருகேயுள்ள நியூட்டன் என்ற ஊரில் 282 உத்தியோகஸ்தர்களைப் பற்றி ஆராய்ந்து 1974ல் எழுதினார். அவர்களில் நூற்றுக்கு 56 பேர் தெரிந்தவர் மூலமாகவே வேலை அடைந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தெரிந்தவர் நெருங்கியவர் அல்ல. அப்படித் தெரிந்தவர் மூலம் வேலை அடைந்தவர்களில், அடிக்கடி பார்த்துப் பழகுகிறவர் மூலம் அடைந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது கண்டு பேசுகிறவரே உதவினார். 2022ல் லிங்க்டின் உபயோகிப்போர் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியிலும், மிக நெருங்கியவரைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே புது வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று கண்டார்கள். காரணம் சுலபம். நம் பங்காளிக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததே. தூரத்தில் இருக்கிறவனிடம்தான் நாம் கேளாத செய்தி இருக்கிறது. எனக்கு மாமன் இல்லையே என்று ஏங்குகிற வாலிபனுக்கு மாமன் தேவையே இல்லை. மூன்று வருஷம் முன்பு அதே கல்லூரியில் படித்துப் போனவன் போதும்.

அந்த ஆளைக் காண எக்ஸ்டென்ஷன் கூடக் கட்டாயமில்லை. லிங்க்டினில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் பழைய மாணவர் பகுதி இருக்கிறது. அதில் ஊரையும் கம்பெனியையும் குறித்துத் தேடலாம். கூகிளில் கம்பெனி பெயரையும் கல்லூரி பெயரையும் சேர்த்துப் போட்டாலும் சில பெயர்கள் வரும். கருவியையே ஒட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கொடு என்று அவற்றுள் பல கேட்கும். அதற்குச் சரி என்று தட்டினால் நம் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவனிடம் கொடுத்ததாக அர்த்தம். பாங்குக் கணக்குத் திறக்கும் பிரவுசரிலேயே அதை வைப்பது சுத்த மடத்தனம். மேலும், பக்கங்களிலிருந்து பெயர்களை மொத்தமாக வாரி எடுப்பதையும், இயந்திரத்தைக்கொண்டு கடிதம் அனுப்புவதையும் லிங்க்டின் தன் விதிகளில் தடுத்திருக்கிறது. மீறினால் கணக்கையே நிறுத்திவிடக்கூடும். ரெபரல் வாங்கித் தருகிறேன், இவ்வளவு பணம் அனுப்பு என்கிறவனோ மேலே சொன்ன காட்டுத் தரகனுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெய்வமே, தாங்கள்தான் கண் திறக்க வேண்டும் என்ற தோரணையில் எழுதுகிற வழக்கத்தை நம்மவர் விட வேண்டும். கேட்பது பிச்சையல்ல. இன்ன கல்லூரியில் இன்ன வருஷம் படித்தேன், இன்ன எண்ணுள்ள வேலைக்கு மனுப் போடுகிறேன், இன்ன வேலையைச் செய்து பழகியிருக்கிறேன், என் விவரத்தைப் பார்த்துத் தகுதியென்று தோன்றினால் சொல்லுங்கள் என்று நான்கு வரி போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதலாம்; அதன் பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டும். முகமறியாத ஆணுக்கு எழுதக் கூசுகிற பெண்கள் அந்தக் கம்பெனியில் உள்ள பெண்களுக்கு எழுதலாம். ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்தில் செய்த ஒரு பரீட்சையில், ஆளைச் சிபார்சு செய்யச் சொன்னபோது ஆண்கள் பெண்களை மிகக் குறைவாகவே குறிப்பிட்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள். இங்கே மட்டும் ஆண்கள் வேறு விதமாக நடப்பார்கள் என்று நம்ப இடமில்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வேலை எப்போது வரும் என்று ஜோசியனிடம் போய் உட்காரும் நேரத்தில் இப்படிப்பட்ட கடிதம் ஐந்து எழுதிவிடலாம். ஜோசியனுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.

ஆனால் மேலே ஏறிப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதே அதிகம். நம் கிராமத்திலிருந்து போய்க் கம்பெனியில் நாற்காலி பிடித்தவர்களில் சிலர், ஊர்ப் பையன் எழுதிய கடிதத்தைத் திறப்பதையே கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். அதே ஆசாமி தன் ஜாதிச் சங்கத்து மாநாட்டுக்கு மட்டும் நன்கொடை அனுப்புகிறார். வேறு சிலரோ சிபார்சு செய்வார்கள், ஆனால் பையனின் தெருப் பெயரைக் கேட்டுவிட்டுச் செய்வார்கள். இந்த இரண்டாவது வகையாருக்கும் அந்தப் பழைய தலைமைக் குமாஸ்தாவுக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. அவர் ஜாதியைச் சொல்லி அவரைத் திட்டியவர்கள் இவர்களே!

நிற்க, கருவியைக் கொண்டு ஒரு பையன் உள்ளே நுழையலாம். கதவு அவனுக்குப் பின்னால் மறுபடி சாத்திக்கொள்ளும். மலை உச்சியில் உள்ளவன் கல்லூரிக்கே வராதபோது அவன் பெயரை எந்தப் பிரவுசர் காட்டும்? ஆதலால் கம்பெனிகளையும் சர்க்காரையும் நாம் சும்மா விட முடியாது. 2023 ஏப்ரலில் தைவான் நாட்டுப் பௌ சென் கம்பெனியாரோடு, இந்தக் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் 2,302 கோடி ரூபாய்ச் செலவில் காலணித் தொழிற்சாலை வைக்க நம் சர்க்கார் ஒப்பந்தம் செய்தார்கள். 20,000 பேருக்கு வேலை என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த 20,000 பேரை யார் கூப்பிடப் போகிறார்கள்? மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் தத்தம் ஆட்களைக் கூப்பிடுவதா, அல்லது எல்லாருக்கும் தெரிய விளம்பரம் செய்து எடுப்பதா? சலுகை காட்டித் தொழிற்சாலையை வரவழைக்கிற சர்க்காருக்கு நிபந்தனை போடவும் உரிமை உண்டு. ஒவ்வொரு காலியிடத்தையும் வேலைவாய்ப்பு ஆபீசுக்கும் சர்க்காரின் தனியார் வேலைத் தளத்திற்கும் தெரிவிக்க வேண்டும். சிபார்சில் எத்தனை பேர், நேர் மனுவில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று வருஷந்தோறும் கணக்கு வெளியிட வேண்டும். விளம்பரத்தைத் தமிழில் அச்சடித்து உளுந்தூர்ப்பேட்டை, சங்கராபுரம், சின்னசேலம் பஸ் நிலையங்களிலும், மலைமேல் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் கரியாலூரிலும் ஊராட்சி ஆபீசுச் சுவரிலும் ஒட்ட வேண்டும். பசை வாங்கக் கம்பெனியாரிடம் காசில்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறோம்.