வீட்டுத் திரைக்கு யார் காவல்?

தமிழன் வீட்டில் அடுப்பு எரியாத நாள் உண்டு; திரை ஒளிராத நாள் இல்லை. கூரை ஒழுகும் வீட்டிலும் தொலைக்காட்சி உண்டு. தொலைக்காட்சி இல்லாத வீட்டிலும் கைப்பேசி உண்டு. முன்பெல்லாம் படம் பார்க்க நாம் கொட்டகைக்குப் போனோம். இன்று கொட்டகை நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து கால்நீட்டி அமர்ந்துவிட்டது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் திரையரங்குகள் அடைபட்டுக் கிடந்தபோது, மே 29-ஆம் நாள் 'பொன்மகள் வந்தாள்' என்னும் படம் அரங்கின் படியை மிதியாமல் நேரே வீடுகளுக்குள் வந்தது. திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தம் பிழைப்புப் போகின்றதே என்று அவர்கள் கொதித்ததில் பொருளுண்டு. நம் வீட்டுக்குள் எது வருகின்றது, எம்மொழியில் வருகின்றது என்று நாம் ஒருநாளேனும் கொதித்ததுண்டா?

பொங்கல் விடுமுறைக்கு மகன் வீட்டிற்குச் சென்றிருந்தோம். நான்காம் வகுப்பில் படிக்கும் பேத்தியை அழைத்து, “ஒரு நல்ல தமிழ்ப் படமாகப் போடம்மா, பார்ப்போம்” என்றோம். அவள் திரையில் ஓடிய நிரலை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'மாஸ்டர்', 'பீஸ்ட்', 'லியோ', 'ஜெயிலர்', 'குட் பேட் அக்லி', 'தக் லைஃப்', 'ரெட்ரோ', 'டிராகன்', 'கூலி'. (தலைப்புகளை அவற்றை ஆக்கியோர் இட்டவாறே எழுதுகின்றோம். அவ்வெழுத்துகளின் பழி நம் எழுதுகோலைச் சேராது.) “தமிழ்ப் படம் கேட்டேனம்மா” என்றோம். “தாத்தா, இதெல்லாம் தமிழ்ப் படந்தான்!” என்று அவள் சிரித்தாள்.

குழந்தை பொய் சொல்லவில்லை. அவை அனைத்தும் தமிழில் எடுத்து, தமிழனுக்கு விற்கப்பட்ட படங்களே. அந்நிரலில் தமிழாக நின்ற பெயர் ஒன்றே ஒன்று. அது 'கூலி'! தலைவன், வேந்தன், வல்லவன் என்னும் பெருமிதப் பெயர்களெல்லாம் ஆங்கிலத்திற்குப் போக, தமிழுக்கு எஞ்சியது கூலி! எவரும் திட்டமிட்டு இழைத்த இழிவன்று இது. திட்டமிடாமலே இவ்வாறு அமைகின்றதென்றால், நோய் எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்நோய்க்கு ஒருமுறை மருந்து கொடுக்கப்பட்டது. 2006-இல் தமிழ்நாட்டு அரசு, தமிழில் பெயர் சூட்டப்பெற்ற படங்களுக்குக் கேளிக்கை வரியினின்று விலக்களித்தது. உடனே என்ன நடந்தது? 'ஜில்லுனு ஒரு காதல்' என்றிருந்த பெயர் 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010-இல் 'எந்திரன்' என்னும் அருந்தமிழ்ப் பெயரோடு வந்தது.  2015-இல் 'மாஸ்' என்று விளம்பரப்படுத்திய படத்தை, வெளியிடும் நேரத்தில் 'மாசு என்கிற மாசிலாமணி' ஆக்கினார்கள். மாசு என்றால் அழுக்கு என்றுகூட அவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, வரி மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்த்தார்கள்.

2017 சூலை முதல் நாள் சரக்கு-சேவை வரி வந்தது. பழைய கேளிக்கை வரி அதற்குள் அடங்கியது; தமிழ்ப் பெயருக்கான விலக்கும் பொருளற்றுப் போயிற்று. 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சி 2018-இல் வெளிவந்தபோது அதன் பெயர் '2.0'. தமிழும் இல்லை; ஆங்கிலமும் இல்லை; வெறும் எண்! அதன்பின் வந்தவற்றைத்தான் பேத்தி படித்துக் காட்டினாள். விலைக்கு வாங்கிய பற்று, விலை நின்றதும் நின்றுவிட்டது. சலுகையால் வந்த தமிழ் சலுகையோடு போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

“எல்லா மாநிலத்திலும் விற்க வேண்டுமே, வெளிநாட்டிலும் விற்க வேண்டுமே, தமிழ்ப் பெயர் வைத்தால் யாருக்கு விளங்கும்?” என்று கேட்கின்றனர் படவணிகர். பி.எசு. வினோத்ராசு இயக்கிய 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசை வென்றது. அவருடைய 'கொட்டுக்காளி' 2024-இல் பெர்லின் விழாவில் திரையிடப்பெற்றது. அயலார்க்கு அயலார் மொழியில் ஒரு பெயர் தந்தார். தமிழர்க்குத் தமிழில் பெயர் வைத்தார். அதுவன்றோ முறை! 2020-இல் ஆசுகர் விருதுகளின் தலைமை விருதை வென்ற கொரியப் படத்தை உலகம் 'பாரசைட்' என்றது. கொரியர் தம் நாட்டில் அதற்குக் கொரிய மொழியிலேயே பெயர் சூட்டியிருந்தனர். ஊராருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகப் பெற்ற பிள்ளைக்கு ஊரான் மொழியில் பெயரிடுவோர் நம்மவரேயன்றி வேறு யார்?

இவ்வளவும் பெயரைப் பற்றியது. பெயர் வாயில், வாயிலைத் தாண்டி உள்ளே செல்ல வேண்டாமா? அவ்விடுமுறையில் ஒரு கிழமை முழுதும் மாலைதோறும் குடும்பத்தோடு அமர்ந்து, பழையதும் புதியதுமாய் ஆறு படங்களைப் பார்த்தோம். தமிழன்பர் வீடுகளில் அவை காணத்தக்கனவா என்று எடைபோட்டுச் சொல்வது நம் கடன்.

முதலாவது, மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வித்தாகக் கொண்டது. மனைவியையும் மக்களையும் ஊரையும் உள்ளூரக் கொடுமை செய்யும் ஒரு மனிதனை, அடிதடியின்றி, ஆர்ப்பாட்டமின்றிக் காட்டும் படம். பேச்சு மிகக் குறைவு. பேசுமிடத்துத் தமிழ் தெளிவு. இறுதியில் ஊரார் அவனை ஆற்றங்கரையில் நிறுத்தும்போது, நல்லவர்களாயிருந்த அவர்களைத் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே தான் செய்த பெரிய பிழை என்கின்றான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்காட்சி நெஞ்சை அறுக்கின்றது. எளிய தமிழில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு இது பாடம்.

இரண்டாவது, மாரி செல்வராசு இயக்கிய 'பரியேறும் பெருமாள்' (2018). பரி என்றால் குதிரை என்று பேத்திக்கு நாம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னோம், ஒரு சொல் அவளுக்கு உடைமையாயிற்று. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த இளைஞன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேர்கின்றான். சாதி அவனை அடிக்கின்றது. சாதிக்கு முன்பே வகுப்பறையில் அவனை அடிப்பது ஆங்கிலம்! தன் மண்ணில், தன் மக்களுக்கு வாதாடக் கற்க வந்தவன், பாடம் விளங்காமல் கூனிக் குறுகுகின்றான். உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. அத்தீர்மானம் நிறைவேறவிடாமல் தடுக்கப்பட்டது. அதற்கு என்ன பொருள் என்று நூறு மேடையில் நாம் விளக்கியும் விளங்காததை, அவ்வகுப்பறைக் காட்சி சில மணித்துளிகளில் விளக்கிவிடுகின்றது. மொழிவிடுதலையும் சாதியொழிப்பும் இருவேறு வேலைகள் என்று எண்ணும் அன்பர்கள் இப்படத்தைக் கட்டாயம் காண வேண்டும்.

மூன்றாவது, மடோன் அசுவின் இயக்கிய 'மண்டேலா' (2021). இதுவும் அரங்கிற்குச் செல்லாமல் வீட்டுத் திரைக்கே வந்த படம். இரு சாதியாய்ப் பிளந்த ஓர் ஊரில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவருக்குப் பெயரே இல்லை; இழிவான பட்டப்பெயர்களே உண்டு. அஞ்சலகத்தில் பணிபுரியும் தேன்மொழி என்னும் பெண் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கின்றாள். பெயர் வந்ததும் அடையாள அட்டை வருகின்றது. அட்டை வந்ததும் வாக்கு வருகின்றது. ஊராட்சித் தேர்தலில் அவ்வொரு வாக்கே வெற்றியை முடிவு செய்யும் நிலை வந்ததும், நேற்றுவரை வாயிலுக்கு வெளியே நின்றவர் காலடியில் ஊரே நிற்கின்றது! அயல்நாட்டுப் பெயராயிற்றே என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். யாம் சுளிக்கவில்லை. விடுதலை வீரன் ஒருவன் பெயரைத் தன்மானத்திற்காக ஏற்பது வேறு. அங்காடிப் பகட்டுக்காக 'பீஸ்ட்' என்று விலங்குப் பெயரைச் சூடிக்கொள்வது வேறு. பெயரில்லாதவன் மாந்தனாகக் கருதப்படுவதில்லை என்று இப்படம் சொல்கின்றது. மொழிக்கும் அஃதே விதி.

நான்காவது, த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' (2021). 1993-இல் நிகழ்ந்த காவல்நிலையக் கொடுமையையும், வழக்கறிஞர் சந்துரு நடத்திய வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. இருளர் குடிப்பெண் செங்கேணி, பணத்தால் தன்னை விலைக்கு வாங்க வந்தோரை மறுத்து நிற்கும் காட்சி, மறக்கவொண்ணாதது. அண்ணல் அம்பேத்கரைப் போற்றும் முழக்கம் தலைப்பானதில் நமக்குப் பூசலில்லை. ஆயினும் இருளர் வாழ்வைச் சொல்லும் படத்திற்கு அவர்கள் நாவிலிருந்தே ஒரு சொல் கிடைத்திருக்குமே என்னும் ஏக்கம் உண்டு.

இப்படத்தில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. உசாவலின்போது இந்தியில் பேசி நழுவப் பார்க்கும் ஒருவனைக் காவல்துறை உயர் அலுவலர் அறைந்து, தமிழில் பேசப் பணிக்கின்றார். இந்திக் குரல்மாற்றில் அவ்விடத்தில் உண்மையைப் பேசு என்று மாற்றிவிட்டார்கள்! அறைவது நம் நெறியன்று; அதை யாம் போற்றவில்லை. ஆனால் அதே முகம், அதே வாயசைவு, மொழியைப் பற்றிய பேச்சு மட்டும் துடைத்தெறியப்பட்டது! வீட்டுத் திரையில் பலமொழிப் பொத்தான்கள் உள்ளன. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னும் ஒரு வேறு படம் இருக்கக்கூடும் என்பதை உணர்ந்து பாருங்கள்.

ஐந்தாவது, மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' (2022). ஊர்த் தெய்வத்திற்குப் படைக்கப் புதுநெல் வேண்டும். ஊரில் இன்னும் உழுபவர் ஒரே ஒரு முதியவர். செத்துக் கிடந்த மயில்களை அவர் இரங்கிப் புதைக்க, கொன்றதாக அவர்மேலேயே வழக்குப் பாய்கின்றது. வயலில் பயிர் வாடுகின்றது. நடித்த நல்லாண்டி உண்மையிலேயே உழவர். படம் வெளிவருமுன்பே மறைந்தார். ஒன்றிய அரசின் விருது அறிவிப்பில் அவர் நடிப்புக்குச் சிறப்புக் குறிப்புக் கிடைத்தது. படத்தில் ஒலிப்பது உசிலம்பட்டிப் பக்கத்து மண்ணின் தமிழ். குறை ஒன்றே: தலைப்பு. உழவுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அந்நாட்டில் 'கடைசி உழவன்' என்று எழுத ஏன் கை வரவில்லை? உழவன் ஒருவனாவது எஞ்சினான். உழவன் என்னும் சொல் எஞ்சவில்லை!

ஆறாவது, முன்னர்க் குறித்த 'கொட்டுக்காளி' (2024). வேறு சாதி இளைஞனை விரும்பிய பெண்ணைப் பேய் பிடித்ததாகச் சொல்லி, உறவினர் பூசாரியிடம் அழைத்துச் செல்லும் ஒருநாள் வழிப்பயணமே கதை. பின்னணி இசையே இல்லை. அப்பெண் ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. சுற்றியிருப்போர் ஓயாது பேசுகின்றனர். அவள் வாய்மூடி நின்றே வெல்கின்றாள். வழிமறித்த காளையை ஆண்களெல்லாம் அஞ்சி ஒதுங்க, ஒரு சிறுமி வந்து எளிதாக ஓட்டிச் செல்கின்றாள். என் பேத்தி கைதட்டியது அவ்விடத்தில்தான்.

அப்பேத்தி இப்படத்தின் பெயரை முதலில் எப்படிப் படித்தாள் தெரியுமா? 'கோட்டுகாலி' என்று! ஏனென்றால் திரையில் அஃது ஆங்கில எழுத்தில் இருந்தது. தமிழ்ப் பெயரைத் தமிழ்க் குழந்தை ஆங்கில எழுத்தின் வழியாகத் தடுமாறிப் படிக்கின்றாள். ஆங்கிலப் பெயர்களில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. நாளடைவில் எது எளிது, எது கடினம் என்று அவள் நெஞ்சம் முடிவு செய்யும்? நம் மொழி நம் வீட்டுக் கூடத்திலேயே அயல்மொழியாகும் வழி இதுதான்.

அன்பர்களே! நம்மிடமும் பிழையுண்டு. திரைப்படம் கூத்தாடிகளின் வேலை என்று நம்மில் பலர் முகந்திருப்பிக்கொண்டோம். நாம் திருப்பிய பக்கத்தில் வணிகன் வந்து அமர்ந்தான். இனி அது வேண்டா. அரங்கில் அவன் ஓட்டியதே படம். வீட்டில் நாம் தொடுவதே படம். விரல் நம்முடையது. நல்ல படத்தைத் தேடித் தொடுங்கள். குழந்தைகளோடு அமர்ந்து பாருங்கள்; விளங்காத சொல்லை நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள். திரையின் அமைப்பில் தமிழ் எழுத்தைத் தெரிவு செய்ய இடமிருந்தால் இன்றே மாற்றுங்கள். இல்லையென்றால் கட்டணம் வாங்கும் நிறுவனத்திற்கு எழுதிக் கேளுங்கள். பணம் கொடுப்பவன் கேட்டால் வணிகன் செவிசாய்ப்பான். வரிவிலக்குக்குச் செவிசாய்த்தவனல்லனோ அவன்!

விடுமுறை முடிந்து யாம் புறப்பட்ட காலையில், பேத்தி ஒரு தாளில் ஆறு படங்களின் பெயரையும் தமிழில் எழுதித் தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தாள். ஐந்தாவது பெயர் 'கடைசி உழவன்' என்றிருந்தது. யாம் சொல்லிக்கொடுத்து எழுதியதன்று.

வீட்டுத் திரைக்குக் காவல் யார் என்று கேட்டோம். கேள்விக்கு விடை ஒன்பது அகவைக் குழந்தைக்குத் தெரிந்திருக்கின்றது. நமக்குத் தெரிய வேண்டும்!