தொழிற்பயிற்சியும் நன்னூல் நெறியும்

கல்லூரி மலரிலே கற்பித்தலைப் பற்றி எழுதுதல் புதுமையன்று. ஆயின் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் மனிதர் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றனர் என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. நம் பழைய மாணவர் பலர் இன்று வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் பெருந்தோட்டக் கம்பனிகளிலும் பொறுப்பு வாய்ந்த பதவிகளை வகிக்கின்றனர். தம்கீழ்ப் பணிபுரிவோர்க்கு எதனை, எவ்வாறு, எப்போது கற்பிப்பது என்று தீர்மானிப்போர் அவர்களே. ஆதலின், ஊழியர்க்கு இணையவழியாக அளிக்கப்படும் தொழிற்பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது குறித்து, நமுனுகுல மலைச்சாரலிலே தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியனின் கருத்தை அன்னார்முன் வைக்கத் துணிந்தேன்.

முன்னாளிலே தோட்டத் தொழிலைப் பழக்கியோர் கங்காணிமாரும் மூத்த தொழிலாளருமே. புதிதாகக் கொழுந்து பறிக்க வந்த பெண், தாயின் நிரைக்கு அடுத்த நிரையில் நின்று, கைபார்த்துக் கைபழகினாள். 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பயிர்த்தொழிலுக்கு அறிவியல் அடிப்படை தந்தது. 1979 இல் அமைக்கப்பெற்ற பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் அலுவலர் பயிற்சியைத் தன் பணியாக மேற்கொண்டது. 1992 இல் அரசுடைமைத் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தலைமையகம் கொழும்பிலும் தொழில் மலையிலும் நிகழும் இவ்வமைப்பிலே, தொலைவிலிருந்தே பயிற்சியளிக்கும் முறை விரும்பப்படுதல் இயல்பு. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று அவ்விருப்பத்தைத் தேவையாகவே ஆக்கிற்று.

இம்முறையின் நன்மைகளை மறுப்பார் இலர். ஒருமுறை ஆக்கிய பாடம் ஓராயிரம் பேர்க்குப் பயன்படும். பசறையிலும் பண்டாரவளையிலும் ஒரே பாடம் ஒரே வகையில் கேட்கப்படும். விளங்காத பகுதியை மீண்டும் கேட்கலாம். இருமுறை கேட்பவனுக்குப் பிழை நீங்கும் என்பது நன்னூலாரும் ஒப்பிய கருத்தே.

குறை யாதெனின், பாடத்தைக் காட்டிவிட்டாலே கற்பித்தாயிற்று என எண்ணுதல். படங்கள் சில, அவற்றை வாசிக்கும் குரலொன்று, ஈற்றில் ஐந்து வினாக்கள், உடனே ஒரு சான்றிதழ் என்னும் அளவிலே பல பயிற்சிகள் முடிந்துவிடுகின்றன. பவணந்தி முனிவர் தம் பாயிரத்திலே இதற்கு மறுமொழி கூறிவைத்துள்ளார். ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் நன்கு மனங்கொள்ளினும் அவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கின்படி, திரையைப் பார்த்தவுடன் வழங்கப்படும் சான்றிதழ் காற்பங்கு கல்விக்கு முழுப்பங்கு முத்திரை இடுவதாகும்.

மேனாட்டார் அனுபவமும் இதற்கு மாறானதன்று. 1940 முதல் 1945 வரை, அமெரிக்க ஆலைகளிலே போர்க்காலத் தேவைக்காகப் புதிய ஆட்களை விரைவிற் பழக்குதற்கு அரசு ஒரு திட்டம் நடத்திற்று. அதன் முறை நான்கு படிகளை உடையது: ஊழியனை ஆயத்தம் செய்தல், செயலைச் செய்துகாட்டி விளக்குதல், அவனையே செய்யச் சொல்லிப் பார்த்தல், பின்னரும் தொடர்ந்து கவனித்தல். இன்றைய திரைப்பாடங்கள் பல இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. 1959 இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்பார் பயிற்சியின் பயனை அளக்க நான்கு வினாக்களை வகுத்தார். கற்றவர் அதனை விரும்பினாரா, உண்மையிற் கற்றாரா, வேலையில் அவர் நடைமுறை மாறிற்றா, அதனால் நிறுவனத்துக்குப் பயன் விளைந்ததா என்பன அவை. எத்தனை பேர் பாடத்தைப் பார்த்து முடித்தனர் என்ற தொகை இவற்றுள் ஒன்றற்கும் விடையாகாது.

ஆகவே பாடம் வகுப்போர் முதலிற் காணவேண்டியது செயலையே. கவ்வாத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் இருத்தல் வேண்டும், பட்டை பிளத்தலாகாது. இவற்றைக் காணொளியிற் காட்டலாம். ஆயினும் கத்தியின் கூரும் மணிக்கட்டின் வீச்சும் செடியருகிலேயே கைவரும். மருந்தடித்தலும் அத்தகையதே. காற்றுக்கு எதிராக அடித்தலாகாது, அடைபட்ட குழாய்முனையை வாயால் ஊதலாகாது என்பவற்றை ஒருவர் கேட்டு விடையெழுதிவிடலாம். வெயிலிலே, அவசரத்திலே, முனை அடைபட்ட அந்த நொடியிலே அவர் என்ன செய்கிறார் என்பதே தேர்வு. அதிலே தவறினால் இழக்கப்படுவது அவருடைய உடல்நலம்.

அடுத்தது மொழி. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் ஆங்கிலத்திலே எழுதப்பெற்ற பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பதே தமிழில் கற்பித்தல் என்று கருதப்படுவதுண்டு. மலையிலே கவ்வாத்து என்று வழங்குவதைக் கத்தரித்தல் என்றும், மருந்தடித்தல் என்பதைப் பீடைநாசினிப் பிரயோகம் என்றும் எழுதினால், இருபது ஆண்டுகள் அத்தொழிலைச் செய்தவரும் தம் தொழிலையே அறியாதவர் போல விழிப்பர். தூய தமிழ் கற்பிப்பவன் யான். எனினும் உயிர்காக்கும் பாடத்திலே ஊர்வழக்கே தலைமை பெறவேண்டும் என்பேன். மொழிபெயர்ப்பாளர் எழுதியதைக் கங்காணியார் ஒருவருக்கு வாசித்துக்காட்டி, அவர் தம் வாயாலே திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் திருத்துதல் நன்று. எழுத்து வாசிக்க இயலாதாரும் உளராதலின், வினாவும் விடையும் குரலிலே அமைதல் வேண்டும்.

காலமும் இடமும் நோக்கியே பாடஞ்சொல்லல் வேண்டும் என்பதும் நன்னூல் விதியே. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் ஊட்டுவது. அம்மாதங்களிலே ஸ்டோரில் உள்ளோர்மீது பாடத்தைச் சுமத்துதல் தகாது. லயத்து அறையிலே, பிள்ளைகளின் பாடத்துக்கும் பெற்றோரின் பயிற்சிக்கும் ஒரே கைத்தொலைபேசி உள்ள குடும்பத்தார், இரவிலே விழித்திருந்து கற்கவேண்டும் என எதிர்பார்த்தலும் முறையன்று. 2021 இல் இதே ஊவா மாகாணத்திலே மாணவர் அலைத்தொடர்பு தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியதை உலகமே கண்டது. பயிற்சி தொழிலின் ஒரு கூறு. அதற்குரிய நேரம் வேலைநேரமே. அந்நேரத்துக்கும் பேர் போடப்படுதல் நீதி. கற்கச் சென்றதால் அரைப்பேராகிவிடும் என்று அஞ்சுபவர் எதனைத்தான் கருத்தூன்றிக் கற்பார்?

இவற்றினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. பயிற்சிப் பதிவேடு கற்றதற்குச் சான்றாகாது, நிறுவனத்தின் கைகழுவலுக்குச் சான்றாகிவிடக்கூடும். விபத்து நேர்ந்தவிடத்து, "இவர் இன்ன நாளிலே பாடம் பார்த்துச் சான்றிதழ் பெற்றுள்ளார், தவறு இவருடையதே" என்று கூற அப்பதிவேடு உதவுமாயின், கற்பித்தல் என்னும் அறச்செயல் பழியை மெலியார்மீது ஏற்றும் கருவியாகும். மாணவன் கல்லாதவிடத்து ஆசிரியனும் தன் கற்பித்தலை ஆராய்தல் வேண்டும். அவ்வொழுக்கம் நிறுவனங்களுக்கும் உரியது.

இவையெல்லாம் செலவை மிகுவிக்குமே என்பர் சிலர். இந்நாட்டிலே 1980களில் தொலைக்கல்வி வாயிலாக ஆசிரியர் பயிற்சி நடந்தபோது, அச்சிட்ட பாடநூல்களோடு நேர்முக வகுப்புகளும் வழிகாட்டுவோரும் இருந்தனர். தொலைவிலிருந்து வந்த பாடத்துக்கு அருகில் ஓர் ஆள் துணைநின்றார் என்பதே அதன் வலிமை. தோட்டத்துக்கும் அவ்வாறே செய்யலாம். ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைப் பிரட்டுக்களத்திலே எல்லாரும் ஒருங்கு பார்க்கட்டும். பின்னர் மலையிலே, கைதேர்ந்த தொழிலாளர் ஒருவர் செய்துகாட்டட்டும், ஏனையோர் செய்துபார்க்கட்டும். அடுத்த கிழமை, கற்றவருள் ஒருவர் புதியவர்க்குக் கற்பிக்கட்டும். நன்னூலார் கூறிய முழுமை அப்போதே கைகூடும். இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. தொழிலாளரும் கற்பிக்க வல்லார் என்னும் மதிப்பே.

பதவியில் அமர்ந்திருக்கும் பழைய மாணவ அன்பர்களே! அடுத்த பயிற்சித் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை பேர் பார்த்து முடித்தனர் என்று வினவுமுன், அவருள் ஒருவரை அழைத்துச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் கை தடுமாறுமாயின், திருத்தப்படவேண்டியது நீங்கள் வகுத்த பாடமே என்று கொள்வீர்களாக.